மாதாமாதம் காய்ச்சல்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் டாக்டரம்மா. மேசையின் பக்கவாட்டில், முதுகில்லாத வட்ட ஸ்டூலில், பத்தொன்பது வயதுப் பெண். எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளில் சுவரோரம் அவளுடைய அம்மா, கதவோரம் அப்பா. அதற்கு மேல் அங்கே நாற்காலி கிடையாது என்பதால், பரிசோதனைக் கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த இரண்டு படிப் பலகையின் மேல்படியில், ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு, சித்தி.

சித்தியை வீட்டில் சின்னவள் என்பார்கள். ஐம்பது தாண்டியும் சின்னவள்தான். பெரியவள் என்று அக்கா ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை அது மாறப்போவதில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதலில் மனதில் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். வீட்டுவசதிச் சங்கத்தில் இருபது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவளின் கை அப்படித்தான் பழகியிருந்தது.

டாக்டரம்மா அந்தப் பெண்ணிடம் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். எந்த வயதில் ஆரம்பித்தது, எத்தனை நாள் நிற்கிறது, வலி எத்தனை நாள் முன்பே வருகிறது, வாந்தி உண்டா. “பாத்ரூம் போறப்ப வலிக்குதா?” என்று கேட்டபோது அப்பா சுவரில் இருந்த நாள்காட்டியை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். பெண் எல்லாவற்றுக்கும் “ஆமா” என்றாள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஆமா.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. நார்க்கட்டி இல்ல, நீர்க்கட்டி இல்ல. ஆனா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைங்கறதால உடம்புல ஒண்ணும் இல்லைன்னு ஆயிடாது.” மருந்துச் சீட்டைப் பின்பக்கம் திருப்பி ஒரு பேரிக்காய் மாதிரி வரைந்தார். அதன் உள்ளே புள்ளிகள் வைத்தார். பிறகு வெளியே, பக்கத்தில், கீழே என்று நாலைந்து புள்ளிகள். “கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற மாதிரியான ஒரு சவ்வு சில பேருக்கு வெளியவும் ஒட்டிக்கிட்டு வளரும். மாசாமாசம் அதுவும் வீங்கும், கசியும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.” பேனாவை மூடாமல் சுவரோர நாற்காலியைப் பார்த்தார். “அம்மா, இந்த வயசுல உங்களுக்கு எப்படி இருந்தது?”

பெரியவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். பிறகு, ஒரு கண்சிமிட்டும் நேரம்தான், படிப்பலகையில் இருந்த தங்கையைப் பார்த்தாள்.

“எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அப்பப்ப காய்ச்சல் வரும். அவ்வளவுதான்.”

“மாசாமாசம் காய்ச்சல் டாக்டர்,” என்றார் அப்பா, நாள்காட்டியிலிருந்து திரும்பி. “ஃபேக்டரில நான்தான் கம்பவுண்டர். நானே பாத்து மாத்திரை கொடுப்பேன். நூத்தியொண்ணு இருக்கும்.” சொல்லும்போது அந்த அறைக்குப் பொருந்தாத ஒரு சிரிப்பு மீசைக்கடியில் வந்து போனது.

“மாசாமாசமா?”

“அது பழைய கதைங்க,” என்றாள் பெரியவள் அவசரமாக.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை முன்பக்கம் திருப்பினார். “சரி. வலி மாத்திரை எழுதறேன். மூணு மாசம் பாப்போம். ஆனா அம்மாவுக்கோ, கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்திருந்தா நான் காத்திருக்க மாட்டேன். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். அடுத்த பரிசோதனைக்கு யார் யாருன்னு திங்கட்கிழமை நான் அங்க போய்ப் பட்டியல் போடுவேன். வீட்டுல போய் நிதானமா யோசிங்க. ஏதாவது ஞாபகம் வந்தா எழுதி அனுப்புங்க. போன்ல சொல்லாதீங்க, நான் மறந்துடுவேன். எனக்கு ஃபைல்ல காகிதம் வேணும்.”

“மூணு மாசமா?” என்றாள் பெண். அவள் வரைபடப் படிப்பில் இரண்டாம் வருடம். நாள் முழுக்க நின்றுகொண்டு, சாய்ந்த பலகையில் கோடு போடும் படிப்பு. “ரெண்டாவது மாசத்துல பரீட்சை டாக்டர். இன்னும் நாலு நாள் லீவு போட்டா உட்கார விடமாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும்.”

 எல்லாருடைய வாயிலிருந்தும் வந்ததை எழுதி வைக்கும் சின்னவள், தன் வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டு ஸ்கேன் உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் ஜன்னலோரம் பெண் சுருண்டு உட்கார்ந்து, கைப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தாள். அவள் அணைத்திருந்த விதம், முன்னால் இருந்த கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்த விதம், எல்லாம் சின்னவளுக்கு அச்சு மாறாமல் தெரிந்த காட்சி. அப்போது கைப்பைக்குப் பதில் துணிச்சுருள். அவ்வளவுதான் வித்தியாசம்.

முப்பது வருடம் முன்பு, அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அக்கா இஸ்திரிப் பிரிவு. தங்கை காலர் தைக்கும் வரிசை. முதல் மணி எட்டுக்கு, கடைசி மணி ஐந்துக்கு. தகரக் கூரைக்கடியில் நூற்றிருபது தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் இருப்பவளோடு பேச வேண்டுமானால் உதட்டைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இன்றைக்கும் சின்னவள் பேசுகிறவர்களின் உதட்டைத்தான் பார்ப்பாள். இஸ்திரிப் பிரிவில் சத்தம் இல்லை, ஆவி. அந்த ஆவிக்குள் வரிசையாக எட்டுப் பெண்கள், முகம் சிவந்து, எதையோ சொல்லி எப்போதும் சிரித்துக்கொண்டு. பஞ்சுபோல ஈரச்சூடு வீசும் அந்த வாசனை இப்போதும் எங்காவது சலவைக்கடையைத் தாண்டும்போது வந்துவிட்டால், சின்னவளின் கால்கள் தாமாக ஒரு நொடி நிற்கும்.

மேற்பார்வையாளருக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் லீவு கேட்டாலும் கத்தரிப்பார். அவரிடம் செல்லுபடியாகும் காரணங்கள் மூன்றே மூன்று: காய்ச்சல், கல்யாணம், சாவு. வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டு போனால், “வெந்நி குடிச்சுட்டு மிஷின்ல உட்காரு” என்று காகிதத்தைத் திருப்பித் தருவார். எனவே சாப்பாட்டு மணியில், கேன்டீனுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட அட்டைப்பெட்டியை மேசையாக்கி, சின்னவள் லீவு லெட்டர் எழுதும் அலுவலகம் ஒன்றை நடத்தினாள். பதினொன்றாம் வகுப்பு வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதுவாள். எழுதியதை எல்லாம் ஒரு நீள நோட்டில் தேதியோடு நகல் எடுத்துக்கொள்வாள். ஆரம்பத்தில் நகல் இல்லை. பொத்தான் பிரிவு அக்காவின் மாமனாரை ஒரே வருடத்தில் மூன்று தடவை சாகடித்துவிட்ட பிறகுதான் வந்தது. நான்காவது தடவை அந்த மாமனாரே மருமகளைத் தேடிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றார். வாசற்காவலர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இப்ப உடம்பு தேவலையா ஐயா?” என்று கேட்டது அந்தத் தகரக் கூரை உள்ளவரை பேசப்பட்டது.

அக்காவுக்கு எப்போதும் காய்ச்சல். மாதத்துக்கு ஒருமுறை, அரைநாள். முதல்நாள் நிற்க முடியும். இரண்டாம் நாள் இஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சட்டைத் துண்டு ஒன்றைச் சுருட்டி, பெட்டியால் சூடாக்கி, அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நிற்பாள். வாந்தி வந்தால் ஆவிக்குள் யாருக்கும் தெரியாமல் போய்வருவாள். ஆனால் காய்ச்சல் என்றால் முதலுதவி அறைக்குப் போய் எழுதி வாங்கி வர வேண்டும். அங்கே போகும் வழியில் கேன்டீனில் ஒரு கிளாஸ் டீ வாங்குவாள். வெப்பமானியை வாயில் வைத்துவிட்டுக் கம்பவுண்டர் திரும்பியதும் அது டீக்குள் இறங்கும். பிறகு மாத்திரை, பதிவேட்டில் கையெழுத்து, லெட்டர், கத்திரி, விடுதலை. அந்த முதலுதவி அறையின் மத்தியானக் கம்பவுண்டர்தான், மீசை மெலிதாக இருந்த ஒல்லிப் பையன்தான், பிறகு மாமா ஆனார். ‘மொதல்ல நான் பாத்தது அவ மூஞ்சிய இல்ல, காய்ச்சலை’ என்று கல்யாண வீட்டிலிருந்து இன்றுவரை சொல்லிச் சொல்லி அது குடும்பத்துக் கதையாகவே ஆகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. சின்னவள் மாடியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு இறங்கி வந்தாள். கூடத்தில் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பெண் வெந்நீர்ப் பையோடு படுத்திருந்தாள்.

“நாப்பத்தொண்ணு இருக்கு,” என்றாள் சின்னவள்.

“என்னது?”

“உன் காய்ச்சல். நாலு வருஷத்துல நாப்பத்தொண்ணு. தேதி எல்லாம் எழுதிப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருபத்தெட்டு நாள், இருபத்தொன்பது, முப்பது. கடிகாரம் மாதிரி வருது. எந்தக் காய்ச்சல்க்கா இப்படி நாள் பாத்து வரும்?”

பெரியவள் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டாள். “நேத்தே நீ சொல்லிடுவியோன்னு நினைச்சேன். நீ வாயத் திறக்கல.”

“நீ பாத்த பார்வைல திறக்க முடியல.”

“அவரு பக்கத்துல இருக்காரே. எப்படிடி சொல்றது? முப்பது வருஷமா அந்த ஒரு கதையத்தானே மனுஷன் சொல்லிக்கிட்டு இருக்காரு. எல்லாம் பொய், டீயில முக்கினதுன்னு டாக்டரம்மா முன்னாடி வச்சு சொல்லச் சொல்றியா? மூஞ்சி எப்படி ஆகும் அவருக்கு?”

“உள்ள படுத்திருக்காளே, அவ மூஞ்சி?”

 பெட்டி ஒரே இடத்தில் நின்றது. துணி கருகும் வாசனை வந்ததும்தான் எடுத்தாள். அவள் வாழ்க்கையில் கருக்கிய முதல் சட்டை அதுவாகத்தான் இருக்கும்.

மாமா மருந்துக்கடையிலிருந்து மூன்று மணிக்குமேல் சாப்பாட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, கை கழுவி, பெஞ்சில் உட்கார்ந்து, கருகிய சட்டையைப் பார்த்தார். “என்னாச்சு?”

பெரியவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். “ஏங்க, எனக்கு ஃபேக்டரில காய்ச்சல் வந்ததே இல்லைங்க. ஒரு நாள்கூட. எல்லாம் பொய்.”

சின்னவள் மாமாவின் உதட்டைப் பார்த்தாள். அது முதலில் கோணியது. பிறகு அவர் சிரித்தார். பெஞ்ச் அதிரச் சிரித்தார்.

“அடிப்பாவி, இதைச் சொல்லத்தான் ஒரு சட்டையக் கருக்கினியா? கம்பவுண்டருக்குத் தெரியாதா? நெத்தி ஐஸ் மாதிரி இருக்கும், மெர்குரி மேல ஏறி நிக்கும். ஒரு தடவை நூத்தியாறு! நூத்தியாறு காய்ச்சலோட மூணு கட்டடம் தாண்டி நடந்து வந்து, ‘கொஞ்சம் உடம்பு சூடா இருக்குங்க’ன்னு நிக்கறா. உதட்டோரத்துல டீத்தூள் வேற. நான்தான் நூத்தியொண்ணுன்னு எழுதுவேன். எல்லாத்துக்கும் நூத்தியொண்ணு.”

பெரியவள் இப்போது திரும்பியிருந்தாள். “தெரியுமா? தெரிஞ்சா ஏன் கேக்கல?”

மாமா மீசையைத் தடவினார். ஐம்பத்தெட்டு வயது முகத்தில் அந்த ஒல்லிப் பையன் வந்து உட்கார்ந்தான். “எப்படிக் கேக்கறது? என்னைப் பாக்கத்தான் வர்றேன்னு நினைச்சேன். கேட்டா நீ வெக்கப்பட்டு அடுத்த மாசம் வராமப் போயிட்டா?”

“கல்யாணத்துக்கு அப்புறம் காய்ச்சல் நின்னு போச்சே மாமா, கவனிக்கலையா?” என்றாள் சின்னவள்.

“நிக்கும்தானே. அதான் வந்து சேர்ந்தாச்சே, இனிமே எதுக்குன்னு விட்டுட்டா போலன்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பெஞ்சின் மேல் திறந்து கிடந்த நோட்டில் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நாற்பத்தொன்று. முதலுதவி அறையில் எத்தனையோ பதிவேடுகள் பார்த்தவர். ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது. கதவு ஒருக்களித்திருந்த உள்ளறையை ஒருமுறை பார்த்தார்.

“அப்ப இது…”

“வலிங்க,” என்றாள் பெரியவள். “இவளுக்கு வர்ற அதே வலி. நிக்க முடியாம வர்றது.”

“வலிக்காகவா வந்தே?”

அந்தக் கேள்வியை அவர் சத்தமாகக் கேட்கவில்லை. எழுதப் பழகிய சின்னவளாலும் அதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதியிருக்க முடியாது. முப்பது வருடம் மடித்துப் பெட்டியில் வைத்திருந்த ஒரு துணியை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, இதன் நிறம் இதுதானா என்று கேட்பவரின் குரல் அது.

“நேத்து அங்க உக்காந்து பெருமையா சொன்னேனே,” என்றார். “எனக்கே அது காய்ச்சல் இல்லைன்னு தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். உன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.”  கழுவிய கையையே வேட்டியில் மறுபடி துடைத்துக்கொண்டார்.

பெரியவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

“வலிக்குத்தான் வந்தேன்,” என்றாள். “ஆனா காலைல ஒரு கம்பவுண்டர் இருந்தாரே, பெரியவரு, தூங்கி வழிவாரே. வலி பத்து மணிக்கே வந்துடும். அவருகிட்டப் போயிருந்தா அப்பவே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ரெண்டு மணிக்கு நீங்க வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்ல. அது எதுக்காம்?”

மாமா விரலை மடக்கி எண்ணினார். “நாலு மணி நேரமா?” என்றார். “அந்த வலியோடயா?” சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாத முகம்.

உள்ளறைக் கதவு திறந்தது. பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நூத்தியாறா?” என்றாள். “அம்மா, நூத்தியாறு வரைக்குமா முக்குவாங்க?” சிரிக்கப் போனவள் வலியில் பாதியிலேயே மடங்கி உட்கார்ந்தாள். பெரியவள் எழுந்து ஓடினாள்.

சின்னவள் வெள்ளைத்தாளை எடுத்தாள். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டாள். அனுப்புநர், பெறுநர் எழுதினாள். ‘பொருள்’ என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, ‘என் அக்காவுக்குக் காய்ச்சல் இல்லாதது பற்றி’ என்று எழுதினாள். அதன் பிறகு யோசிக்கவில்லை.

‘மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு, நேற்று தங்கள் அறையில் என் அக்காவுக்கு மாதாமாதம் காய்ச்சல் வந்ததாகச் சொல்லப்பட்டது. அக்காய்ச்சலை எழுதியவள் நான். நாற்பத்தொரு விடுப்புக் கடிதங்களின் தேதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். அவை அனைத்தும் மாதவிலக்கின் இரண்டாம் நாள். அடிவயிற்றிலும் இடுப்பிலும் நிற்க முடியாத வலி, வாந்தி, மலம் கழிக்கையில் வலி, மிகுந்த உதிரப்போக்கு. அக்காலத்தில் அதை எழுதினால் விடுப்பு கிடைக்காது என்பதால் வேறு எழுதினேன். திருமணத்துக்குப் பின்னும் வலி இருந்தது; கணவர் வேலைக்குப் போன பிறகுதான் படுப்பாள். அப்போது யாருக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை, எனவே அதற்கு நகல் இல்லை. குழந்தை எட்டு வருடம் கழித்துப் பிறந்தது. காரணம் யாரும் பார்க்கவில்லை. வலி நின்றது நாற்பத்தாறு வயதில். அக்கா வலியைச் சொல்லி நான் எழுதும் முதல் கடிதம் இது. திங்கட்கிழமைக்கு முன் தங்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும்.’

வாசித்துக் காட்டினாள். பெரியவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். ‘மலம் கழிக்கையில்’ வந்தபோது நாள்காட்டியைப் பார்க்க வேண்டியவர் இந்தத் தடவை எங்கேயும் பார்க்கவில்லை.

“பேனாவக் கொடு,” என்றார். கடிதத்தின் அடியில், பதிவேட்டில் எழுதுவதுபோலவே சாய்ந்த எழுத்தில், ‘மேற்படி நாட்களில் நான் பதிந்த 101 உண்மையல்ல. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாதது எனக்குத் தெரியும். வலி இருந்தது தெரியாது’ என்று எழுதி, ‘அப்போதைய கம்பவுண்டர்’ என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதற்குக் கீழே ‘பெண்ணின் தகப்பன்’ என்றும் சேர்த்தார்.

தாளைப் பெரியவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் காலத்தில் கடிதம் எழுதுவது தங்கை, மடிப்பது அக்கா. மூன்றாக மடித்து மேசையில் வைத்து, பெட்டியை மெல்ல ஒரு இழு இழுப்பாள். அந்த மடிப்பு விழுந்த லெட்டரைக் கத்திரியால்கூடக் கசக்க முடியாது என்பார்கள். இன்றும் அப்படியே மடித்தாள், இழுத்தாள். உறைக்குள் போட்டு, பசை தடவி, ஒட்டின இடத்தின் மேல் மறுபடி ஒரு சூடு. மாமா விலாசத்தைச் சரிபார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

தெருமுனைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ரத்த மாதிரிக் குழாய்களை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி நாலு மணிக்குக் கிளம்பும். டாக்டரம்மாவுக்கான காகிதங்களும் அதில்தான் போகும். “நானே கொடுக்கறேன் சித்தி,” என்றாள் பெண். எழுந்து நின்றாள். சின்னவள் கூட நடந்தாள். தெரு நீளம் இருநூறு அடிதான். பெண் மெதுவாக நடந்தாள். பாதி வழியில்தான் சின்னவள் பார்த்தாள். சூடு ஆறாத அந்த உறையை அவள் இரண்டு உள்ளங்கையாலும் அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள்.

டிரைவர் குளிர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புக் குழாய்கள் நின்றன. வெள்ளையாகக் குளிர் மேலே எழுந்தது.

“அதுல வேண்டாம்ணா,” என்றாள் பெண். “ஈரமாயிடும்.”

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு?” என்று சிரித்துவிட்டு, அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பை கொள்ளவில்லை. வண்டி திருப்பத்தில் மறையும்வரை, இஸ்திரி போட்ட உறையின் வெள்ளை முனை அவர் நெஞ்சுக்கு மேலே விறைப்பாகத் தெரிந்துகொண்டே இருந்தது.